எதால் வகுபடும் என்று தெரியாத எண்

ஒன்றைத் தப்பு என்று நீங்கள் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "அப்போ சரி எது?" என்பதாகத்தான் இருக்கும். வகுப்பில் கேட்பார்கள், கூட்டத்தில் கேட்பார்கள், முதல்வரின் அறையில் கதவைச் சாத்திவிட்டும் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். நீங்கள் இந்தக் கல்லூரிக்கு ஆசிரியர்களாக வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. நான் ஓய்வு பெற்றுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இடையில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு சம்பவம் இருக்கிறது. உட்கார்ந்து சொல்ல வராது எனக்கு. நடந்துகொண்டே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஓர் ஆடி மாதம். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் காற்று உங்களுக்குத் தெரியும். எங்கள் துறையின் ஜன்னல் கொக்கிகள் ஒன்றும் பிடிக்காது. பகல் முழுக்க எங்கேயாவது ஒரு கதவு அடித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அந்த மாதத்தில்தான் அஜின் தன் எண்ணைக் கண்டுபிடித்தார்.

அஜின் எங்கள் கணிதத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அம்மா தக்கலைச் சந்தையில் மீன் விற்று அவரை முனைவர் பட்டம் வரை கொண்டுவந்தார். நிரந்தரப் பணிக்கான நேர்முகம் அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள். இருப்பது ஒரே இடம், வெளியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். துறைத் தலைவர் என்ற முறையில் அந்தக் குழுவில் நானும் உண்டு.

அவருக்கு ஒரே பித்து, ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்கள். பதினொன்று அப்படிப்பட்டது. நூற்றுப் பதினொன்று அப்படிப்பட்டது. அப்படியே ஒன்றுகளை அடுக்கிக்கொண்டு போனால் அதில் எது பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண், என்பது அவருடைய தேடல். இப்படிப்பட்ட பகா எண்கள் மிக அரிது. விடுமுறை முழுவதும் ஆய்வுக்கூடத்துக் கணினிகளில் தானே எழுதிய நிரலை ஓட்டினார். சிறிய பகா எண்களால் வகுத்து வகுத்துப் பலவற்றைக் கழித்தார். தப்பி நின்றவற்றில் முதலாவதைச் சோதனைக்குப் போட்டார். பல ஆயிரம் ஒன்றுகள் கொண்ட எண் அது. சோதனை "ஆம்" என்றது. அடுத்ததை அவர் போடவேயில்லை. எழுந்து ஓடினார்.

சோதனை என்றால் என்ன என்று ஆங்கிலத் துறைக்காரர்களுக்கும் வணிகவியல்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பெரிய எண்ணை ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்த்தால் உலகம் அழியும்வரை முடியாது. அதற்குப் பதிலாக வேறொரு எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். ஏழு என்று வையுங்கள். நம் பெரிய எண்ணில் ஒன்றைக் கழித்து, அத்தனை ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கி, பெரிய எண்ணால் வகுத்துப் பார்ப்போம். பெரிய எண் பகா எண்ணாக இருந்தால் மீதி கட்டாயம் ஒன்று வரும். ஒன்று வராவிட்டால் அது பகு எண்தான், அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஒன்று வந்தால்? அநேகமாகப் பகா எண். அந்த "அநேகமாக" என்ற சொல்லை அஜின் தன் குறிப்பில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

முதல்வர் அறைக்குப் போனபோது அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. நிர்வாகத்துக்குப் போனபோது "உலகின் மிகப்பெரிய" என்பது வந்து ஒட்டிக்கொண்டது. கன்னியாகுமரியில் ஒரு விடுதி அரங்கில் எங்கள் கல்லூரியின் கருத்தரங்கு ஏற்பாடாகியிருந்தது. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் விருந்தினர்கள் வருகிறார்கள். அதன் தொடக்க விழாவிலேயே அறிவித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அஜினின் ஊர் மாதா கோவிலில் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் எழுந்து நின்று அறிவித்துவிட்டார். கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் அந்த எண்ணை முழுதாகப் போட்டு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அச்சகக்காரர் எனக்கே போன் செய்து, ஒண்ணு ரெண்டு ஒண்ணு விட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாதுதானே டீச்சர் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அதற்குள் அறிக்கை என் மேசைக்கு வந்துவிட்டது. துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இந்தப் பாதையில் பலர் அவருக்கு முன்பே நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுள்ள எண்களைப் பல நாட்டுக்காரர்கள் தேடிச் சலித்துவிட்டார்கள். அவர்கள் பட்டியலில் அஜினின் எண் இல்லை. அவரிடம் கேட்டேன். விட்டிருப்பார்கள் மேடம் என்றார். விட்டிருக்கவே மாட்டார்கள் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

எதைச் சாட்சியாக வைத்தீர்கள் என்று கேட்டேன். பத்தை வைத்தேன், ஒன்றுகளின் வரிசைக்குப் பத்துதான் வசதி என்றார். அது அப்போது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. வேறொரு எண்ணை வைத்தும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று மட்டும் நினைத்தேன். கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் மூன்றை வைத்து ஓட விட்டேன். பாதியில் மின்சாரம் போனது. மறுபடி ஓட விட்டேன். மறுபடி போனது. கடைசியில் முடிந்தபோது மீதி ஒன்றாக வரவில்லை. தொடங்கும் இடமும் தெரியாமல் முடியும் இடமும் தெரியாமல் திரை நிறைய இலக்கங்கள்.

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அஜின் வகுப்பு முடித்து வந்ததும் அங்கேயே நிறுத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், குப்பை வாறதுக்கு ஆயிரம் காரணம் உண்டு. மிஷின் தப்பா இருக்கலாம், புரோகிராம் தப்பா இருக்கலாம், நடுவுல ரெண்டு தடவ கரண்டு போச்சுண்ணு நீங்களே சொல்லுதிய. ஒண்ணு வாறதுக்கு ஒரே காரணம்தான். இவ்வளவு பெரிய எண்ணுல தற்செயலா ஒண்ணு வருமா?"

நீங்களும் யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னதில் ஓட்டையே கிடையாது. கணக்கில் ஒரே ஓர் இலக்கம் புரண்டால் போதும், மீதி குப்பையாகத்தான் வரும். ஆனால் பல ஆயிரம் இலக்கங்களுக்கு நடுவே தப்பித் தவறி சரியாக ஒன்று வந்து நிற்பது நடக்காத காரியம். நான் வைத்திருப்பது குப்பை, அவர் வைத்திருப்பது ஒன்று. அவர் முகம் கறுத்திருந்தது. எனக்க நேர்முகம் வாற சமயத்துல இதைச் சொல்லுதியளே என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கல்லூரிக்கு வரவில்லை. போனை அணைத்து வைத்திருந்தார்.

அந்த மறுநாள் காலை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். அவர் வேதியியல்காரர், நல்ல மனிதர், கத்திப் பேசத் தெரியாது. கையெழுத்து ஏன் வரவில்லை என்று கேட்டார். அது பகு எண் என்று நினைக்கிறேன் சார் என்றேன்.

"எதால வகுபடும்?"

"தெரியாது சார்."

"எப்ப தெரியும்?"

"என் ஆயுசுக்குள்ள தெரியாமலே போகலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுபடும் என்கிறீர்கள், எதால் என்று தெரியாது என்கிறீர்கள், இதை நான் நிர்வாகத்திடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன் என்று கேட்டார். மற்றவர்கள் பட்டியலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் விட்டதை நம் பையன் பிடித்ததுதானே செய்தி என்றார். கடைசியாக, ஒரே ஒரு காரணியைக் காட்டுங்கள், எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்றார். அவர் கேட்டது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே போகிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் ஓர் எண் உடையும் என்று அறிவது வேறு, எங்கே உடையும் என்று அறிவது வேறு. முதலாவது ஒரு காலைப்பொழுது வேலை. இரண்டாவதற்குச் சில எண்களில் மனித ஆயுள் போதாது. இந்த வித்தியாசத்தை அந்த அறையில் நின்று விளக்க எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்து மறுபடி நடந்தேன். என் மிஷின் தப்பாக இருந்தால், ஒரு பையனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பைச் சந்தேகத்தின் பேரில் நான் அழிக்கிறேன். அவர் தப்பாக இருந்தால், நாளைக்கு வெளியூர் அறிஞர்கள் முன்னால் மேடையிலேயே யாராவது ஒருவர் மடிக்கணினியைத் திறந்து அவரை முடித்துவிடுவார். விருந்தினர்கள் அன்று மாலையே வந்து இறங்குகிறார்கள். இரண்டு பயத்தில் எது பெரியது என்று எடை போட்டுக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும் என்று தோன்றியது. சந்தேகத்துக்கு உரியது என் மிஷின் என்றால், என் மிஷினைத் தொடாமல் கேட்க வேண்டும். குளச்சல் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் கொடியில் நாளைக்கு உடுத்துவதற்காக ஒரு புதுச் சேலையை விரித்துப் போட்டிருந்தார்.

"வாங்க டீச்சர், இரிங்க. அவன் நேத்தைக்கே பிடிச்சு ஒண்ணும் தின்னல்ல. கேட்டா வாய் தொறந்து மிண்டவும் இல்ல."

அஜின் எழுந்து நின்றார். நான் வாதாட வரவில்லை என்று முதலிலேயே சொன்னேன். உங்கள் மடிக்கணினி, உங்கள் நிரல், நான் ஒன்றையும் தொடமாட்டேன். பத்து இருக்கிற இடத்தில் மூன்று என்று மட்டும் மாற்றுங்கள். எனக்கு வந்த மீதியின் கடைசி இலக்கங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்று வந்தால் தப்பு என் பக்கம், இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். எனக்கு வந்த அதே குப்பை வந்தால் அது குப்பை இல்லை.

அவர் உட்கார்ந்து மாற்றினார்.

அந்தக் காத்திருப்பை என்னால் விவரிக்க முடியாது. அம்மா பால் விடாத கட்டன் சாயா தந்தார், குடிக்க முடியவில்லை. வெளியே மணலில் இறங்கி நடந்தேன். காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்று வர வேண்டும் என்றும் மனம் ஆசைப்பட்டது, வரக்கூடாது என்றும் ஆசைப்பட்டது. எது வந்தாலும் யாரோ ஒருவர் தலை குனியத்தான் வேண்டும். அந்த அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தபடியே இருந்தார். என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் அங்கே வந்தது நல்லதுக்கு இல்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது.

மதியம் சரிந்த பிறகு அஜின் கூப்பிட்டார். உள்ளே போனேன். திரையைப் பார்த்து இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நான்காவது இலக்கம் வரை வாசித்தார். ஐந்தாவதை நான் சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். அதற்கடுத்ததையும். அவர் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப பத்துக்கு மட்டும் எப்படி ஒண்ணு வந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

அவர் ஒரு தாளை இழுத்து 11111 என்று எழுதினார். அது நாற்பத்தொன்றும் இருநூற்று எழுபத்தொன்றும் பெருக்கி வருவது, பகா எண் இல்லை, பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்த எண். அதை ஒன்பதால் பெருக்கினார், 99999 வந்தது. இது ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவு என்று முணுமுணுத்தார். லட்சம் என்பது ஐந்து பத்துகளைப் பெருக்கி வருவது. ஆகவே ஐந்து பத்துகளைப் பெருக்கி இந்த 11111 ஆல் வகுத்தால் மீதி ஒன்று. சோதனைக்காக இந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் 11110. அது ஐந்தால் வகுபடும், அதாவது பெருக்க வேண்டிய 11110 பத்துகளும் ஐந்தைந்தாய், லட்சங்களாய்ப் பிரியும், ஒவ்வொரு லட்சத்துக்கும் மீதி ஒன்று. அப்படியானால் மீதி ஒன்று வராமல் எங்கே போகும்? பகா எண்ணாக இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். ஐந்துக்குப் பதில் ஏழு ஒன்றுகள் போட்டுப் பார்த்தார். வந்தது. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒரு பகா எண்ணாக இருந்தால் போதும், மூன்றைத் தவிர எதற்கும் வரும்; அவர் சலித்தெடுத்த எண்களெல்லாம் அப்படிப்பட்டவைதான். தப்பி நின்ற இரண்டாவது எண்ணை அவர் அன்றே சோதித்திருந்தால் அதற்கும் ஒன்றே வந்திருக்கும், அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

பேனாவை வைத்தார். "அவங்க வீட்டு ஆளையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன் மேடம்" என்றார்.

அதைவிடச் சுருக்கமாக அதை யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்றுகளால் ஆன எண் பத்தின் அடுக்குகளால் பிறந்த எண். பத்திடம் போய் இது நல்ல எண்ணா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிற சாட்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உடம்புக்கு முடியவில்லை என்று நாளைக்கு வராமல் இருந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் தோன்றியது. அவர் வேண்டாம் என்றார். எனக்க எண்ணு, நானே சொல்லுதேன் என்றார். அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "காலேஜ் ஜோலி கெடைக்காதா மக்களே?" என்று மட்டும் மகனிடம் கேட்டார். அம்மா கொடியிலிருந்து சேலையை எடுத்து மடித்தார். உள்ளே வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, இஸ்திரி போடக் கொண்டுபோனார்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முதல்வருக்குக் காலையில்தான் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அநேகமாக" என்று போட்டுச் சொல்லிவிடக்கூடாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அநேகமாகக்கூட இல்லை சார் என்று அஜின் சொன்னார். மேடைக்குப் பின்னால் அந்த ஃபிளெக்ஸ், ஒன்று ஒன்றாக ஒன்றுகள். காற்றுக்கு அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததால் அவர் பேச்சு பின்வரிசைக்குக் கேட்டதோ என்னவோ.

பலகையில் 11111 எழுதினார். முந்தின நாள் தாளில் எழுதியதை அப்படியே எழுதிக் காட்டினார். பிறகு பின்னால் திரும்பி அந்த ஃபிளெக்ஸைக் காட்டி, இது பகா எண் இல்லை, இது உடையும், எங்கே உடையும் என்று எனக்குத் தெரியாது, இங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது என்றார். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் வெளியூர்க்காரர் ஒருவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, அப்ப என்னதான் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டார். அஜின் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல சார். பத்தை வச்சா இந்தச் சோதனை இந்த மாதிரி எண்ணுக்குப் பொய் சொல்லும்ணு கண்டுபிடிச்சேன். அதும் முன்னால தேடினவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்."

பத்திரிகைகளில் ஒன்றும் வரவில்லை. அடுத்த மாத நேர்முகத்தில் நான் அவருக்காகப் பேசினேன், பேச வேண்டிய அளவுக்கு மேலேயே பேசினேன். இடம் வேறொருவருக்குப் போனது. அவரும் நல்ல ஆசிரியர்தான், குறை சொல்ல மாட்டேன். வருட முடிவில் அஜினின் தற்காலிகப் பணியும் புதுப்பிக்கப்படவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போனார். பிறர் எழுதிய நிரல்களில் பிழை தேடும் வேலை. என் போனை எடுக்கவில்லை, நானும் பிறகு விட்டுவிட்டேன். தக்கலைச் சந்தைப் பக்கம் போனால் அவருடைய அம்மாவைப் பார்ப்பேன். மீனைத் தாளில் பொதிந்து தருவார், மகனைப் பற்றி நானும் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார்.

உங்களிடம் நான் இதைச் சொல்வது, நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்பதற்காக இல்லை. நல்லது நடக்கவில்லை, பார்த்தீர்கள். நாளைக்கே உங்களில் ஒருவர் வினாத்தாளில் தப்பு இருக்கிறது என்பார், ஓர் ஆய்வேட்டில் ஏதோ சரியில்லை என்பார். சரி எது என்று காட்டு, பிறகு பேசு என்பார்கள். காட்ட முடியாவிட்டாலும் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால், யாரைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தச் சாட்சி எப்போதாவது இல்லை என்று சொன்னதுண்டா என்று பாருங்கள். அதன் பிறகும் உங்களுக்கு உறக்கம் வராது. எனக்கு இன்றுவரை அந்த வராந்தா நடை போகவில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம், நான் நாகர்கோவிலில் ஒரு வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அஜின் கூப்பிட்டார். எத்தனையோ வருடம் கழித்துக் கேட்கும் குரல். எப்படி இருக்கீங்க என்று கூடக் கேட்கவில்லை.

"மேடம், உடைஞ்சு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தேன். வேலைக்குப் போன நாளிலிருந்தே வீட்டில் ஒரு பழைய கணினியை அந்த எண்ணுக்காகவே ஓட விட்டிருக்கிறார். அதை எனக்குச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. இப்போது ஒரு காரணி அகப்பட்டிருக்கிறது. அனுப்பியிருக்கிறேன், நீங்களும் வகுத்துப் பாருங்கள் என்றார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றாமலே கணினியைத் திறந்தேன். அவர் அனுப்பிய காரணி என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் பல ஆயிரம் ஒன்றுகளை அதால் வகுத்தேன். மீதி பூச்சியம். நம்பாமல் மறுபடி வகுத்தேன். பூச்சியம். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிரசுரிக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, தேடுகிறவர்கள் பதிந்து வைக்கும் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், அது போதும் என்றார்.

வகுத்தது போக மிச்சம் இருக்கும் எண்ணைப் பற்றிக் கேட்டேன். அதுவும் மிகப் பெரியதுதான், ஒன்றுகளாக இல்லாமல் இலக்கங்கள் கலைந்து கிடக்கும். அதுவும் பகு எண்தான் மேடம், நாலஞ்சு சாட்சி வச்சுப் பாத்தாச்சு என்றார்.

"எங்கே உடையும்?"

"தெரியல்ல. காலையிலேயே ஓட விட்டுட்டேன்."